நல்ல நேரத்தில் புறப்பட்ட அரை விலைக் கார்டுகள்

இந்த வலைப்பூவைப் படித்துவிட்டு எனக்கு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். சுவிஸ் ரயில்களில் அரை விலைக்குப் போகலாம் என்கிறார்களே, அந்தக் கார்டை வாங்கினால் லாபமா, இல்லையா? போன வாரமும் ஒரு பெண்பிள்ளை பாசல் நகரத்தில் இருந்து எழுதியிருந்தார். எங்கடின் மலைப் பள்ளத்தாக்குப் பக்கம் போகத் திட்டமாம், கணவர் கார்டு வீண் செலவு என்கிறாராம். கணவர்மார் அப்படித்தான் சொல்வார்கள். என் வீட்டிலும் ஒருவர் சொன்னார். அதனால் பதிலை ஒரு வரியில் எழுதாமல், அந்தக் கார்டோடு நான் போன முதல் பயணத்தையே எழுதிவிடுகிறேன். கார்டோடு என்று சொல்வது முழு உண்மையில்லை, அது போகப் போகத் தெரியும்.

எண்பதுகளின் கடைசி. நாங்கள் பாடன் நகரத்தில், ரயில் நிலையத்தில் இருந்து பன்னிரண்டு நிமிட நடையில், ஒரு பழைய கட்டடத்தின் முதலாம் மாடியில் இருந்தோம். இவர், அதாவது என் கணவர், ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. உணவகத்துக்குத் திங்கட்கிழமை பூட்டு, எனக்கும் கெஞ்சிக் கேட்டால் திங்கட்கிழமை கிடைக்கும். எங்களுக்கு வாரத்தில் ஞாயிறு என்பது திங்கள்தான்.

என் தம்பி நேசன் எங்களுக்குப் பிறகு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தவன். அவனை எங்களோடு விடவில்லை. மலைநாட்டுக் கன்டோனுக்கு அனுப்பினார்கள். கன்டோன் என்றால் இங்கே மாநிலம். அவனுக்கு எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. ஒரே நாட்டில் இருக்கிறோம், ஆனால் ஒரு வருடத்துக்கு மேலாக நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காரணம் வேறொன்றுமில்லை, ரயில் விலைதான். இரண்டு பேர் போய் வருவதென்றால் எங்கள் வீட்டு மாதச் சாப்பாட்டுச் செலவில் பெரும்பகுதி போய்விடும்.

அந்த நேரத்தில்தான் என் வேலையிடத்தில் ஒரு சுவிஸ் பெண் தன் கார்டைக் காட்டி, சைகையாலும் எண்களாலும் விளக்கினார். ஹால்ப்டாக்ஸ் என்று பெயர். வருடத்துக்கு நூறு பிராங். அதைக் கையில் வைத்திருந்தால் நாடு முழுக்க எந்த ரயிலிலும் பாதி விலை. மலை ரயிலிலும் சரி, ஏரியில் ஓடும் கப்பலிலும் சரி. நான் அன்றைக்கே கணக்குப் பார்த்தேன். தம்பியிடம் ஒருவர் போய் வர முழு விலை தொண்ணூற்றாறு. பாதி நாற்பத்தெட்டு. மூன்றாம் முறை போகும்போது கார்டின் விலை வந்துவிடும், அதற்குப் பிறகு எல்லாம் மிச்சம்.

இவருக்கு அந்தக் கணக்கு ஏறவில்லை.

"பாதி விலைக்குப் போறதுக்கு முதல்லை முழுசா நூறு குடுக்கிறதோ? ரெண்டு பேருக்கும் இருநூறு. நல்ல வியாபாரம்" என்றார்.

நான் என் சம்பளத்தில் இரண்டு கார்டும் வாங்கினேன். நிலையத்தில் இருந்த படப்பெட்டிக்குள் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்து படம் எடுத்தேன். பெரிய பொட்டோடு, கண்ணை முழித்துக்கொண்டு, யாரோ பின்னால் நின்று குத்தியவள் மாதிரி அதில் இருக்கிறேன். கார்டுகள் வந்ததும் இவர் இரண்டையும் வாங்கித் தன் மேல்பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார். பாஸ்போர்ட், வதிவிட அட்டை, வங்கிப் புத்தகம் என்று வீட்டில் முக்கியமானது எல்லாம் இவர் பொறுப்பில் இருப்பது வழக்கம். நானும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

செப்டெம்பர் நடுப்பகுதி தாண்டி ஒரு வியாழக்கிழமை, நேசன் வேலை செய்த ஹோட்டலில் இருந்து இவருடைய உணவகத்துக்குத் தொலைபேசி வந்தது. நேசனுக்கு வயிற்றில் ஒபரேஷன் செய்திருக்கிறது, சமேடன் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அவ்வளவுதான் இவருக்கு விளங்கியது. இவருடைய ஜெர்மன் சமையலறை ஜெர்மன். வெங்காயம், கத்தி, கெதியாகச் செய், இதெல்லாம் நன்றாக வரும். என்ன ஒபரேஷன், ஆள் எப்படி இருக்கிறான் என்று கேட்பதற்குள் அடுப்பில் எதுவோ பொங்கியிருக்கிறது, அந்தப் பக்கத்தில் தொலைபேசியை வைத்துவிட்டார்கள்.

அந்த மூன்று நாட்களைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. சோறு இறங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவுக்கு என்னவென்று எழுதுவது என்ற யோசனையே பெரிய பாரமாக இருந்தது. இருக்கிறானோ, எந்த நிலையில் இருக்கிறானோ என்று தெரியாமல் ஒன்றும் எழுதவும் முடியாது. திங்கட்கிழமை எப்படியும் போவது என்று முடிவெடுத்தோம். சனிக்கிழமையே கார்டுகளைக் காட்டி, பாதி விலையில் இரண்டு போய்வரும் டிக்கெட் எடுத்துவிட்டோம். சம்பளம் வர இன்னும் ஒரு வாரம். டிக்கெட் போக எங்கள் கையில் மிஞ்சியது அறுபத்துச் சொச்சம் பிராங்.

இனித்தான் சிக்கல். பாடனில் இருந்து நாங்கள் பிடிக்க வேண்டிய ரயில் ஏழே முக்காலுக்கு. அதைப் பிடித்தால்தான் சூரிச்சில் எட்டரை மணி ரயில், கூர் நகரத்தில் மலை ரயில், மத்தியானத்துக்குப் பிறகு சமேடன் என்று எல்லாம் பொருந்தும். ஆனால் திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை இராகு காலம். ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளைப் பார்க்க இராகு காலத்தில் வெளிக்கிடுவதா என்று இவர் மனம் குழம்பிவிட்டார். போதாததற்குக் கோடை நேரம் என்று இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்தார்கள். சூரியனைப் பார்த்தால் இராகு காலம் எட்டரையில் இருந்து பத்து வரை. மணிக்கூட்டைப் பார்த்தால் ஏழரையில் இருந்து ஒன்பது வரை. இவர் எதற்கும் இரண்டையும் சேர்த்து, ஏழரையில் இருந்து பத்து வரை கூடாது என்று வைத்துக்கொண்டார். சுவிஸ்காரரின் கோடை நேரம் இராகுவுக்கு ஒரு மணித்தியாலம் கூடுதலாகக் கொடுத்திருந்தது.

இதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழி உண்டு. பயணம் போகிறவர், தன்னோடு கொண்டுபோகும் சாமான் ஒன்றை நல்ல நேரத்தில் எடுத்துக்கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். அதோடு பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் போனாலும், போகும்போது அந்தச் சாமானை எடுத்துக்கொண்டு போனால் போதும். மூன்றாம் மாடியில் பாக்கியம் அக்கா குடும்பம் இருந்தது. மட்டக்களப்புப் பக்கத்து ஆட்கள், தங்கமான மனிதர்கள். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு இவர் ஒரு சிறிய துணிப்பையோடு மேலே ஏறிப் போனார்.

பைக்குள் என்ன வைத்தார் என்று நான் கேட்கவில்லை. நான் குசினியில் நேசனுக்குக் கஞ்சி காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருந்தேன். கம்பளிச் சட்டை, காலுறை, திருநீற்றுப் பொட்டலம், எல்லாம் கட்டி முடிக்க ஏழரையாகிவிட்டது. நான் சேலைக்கு மேல் குளிர் மேலங்கியைப் போட்டுக்கொண்டு ஓட, இவர் பயணப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். தெருவில் ஐம்பது அடி போயிருப்போம், மேலே யன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. பாக்கியம் அக்கா இரண்டு தரம் கூப்பிட்டா.

நான் நின்றேன். இவர் என் கையைப் பிடித்தார்.

"திரும்பிப் பாராதையும். வெளிக்கிட்ட ஆக்களை ஆரும் பின்னாலை கூப்பிடுறதோ? உந்த மனுசிக்கு அதுவும் தெரியாதே. நடவும்."

நடந்தோம். நடந்தோம் என்ன, ஓடினோம்.

ரயிலில் இடம் கிடைத்து உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது டிக்கெட் பரிசோதகர் வந்தார். சாம்பல் மீசை, தோளில் தோல்பை. இவர் டிக்கெட்டுகளைக் கொடுத்தார். அவர் பார்த்துவிட்டு, கார்டு என்றார். இவர் மேல்பொக்கற்றுக்குள் கையை விட்டார். பிறகு மற்றப் பொக்கற். பிறகு காற்சட்டை. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"பாக்கியம் அக்கா வீட்டை" என்றார்.

"அந்தப் பைக்குள்ளை கார்டையோ வைச்சனீங்கள்?"

"பயணத்துக்கு உரிய சாமான்தானே வைக்கவேணும். ரயில் பயணத்துக்கு அதைவிட உரிய சாமான் என்ன இருக்கு?"

நியாயத்தில் பிழையில்லை. எங்கள் கார்டுகள் இரண்டும் மிக நல்ல நேரத்தில் புறப்பட்டு, மூன்றாம் மாடியில் இருந்தன.

பரிசோதகர் கோபிக்கவில்லை. இவர் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னார். இராகு காலத்தை விட்டுவிட்டு, வீட்டில் மறந்துவிட்டோம் என்று மட்டும். அவர் எண்களை எழுதிக் காட்டிப் பொறுமையாகப் பதில் சொன்னார், இவர் எனக்குத் தமிழில் சொன்னார். கார்டு இல்லாமல் பாதி டிக்கெட் செல்லாது. இப்போது மிச்சப் பாதியைக் கட்ட வேண்டும், போகிற வழிக்கு ஆளுக்கு இருபத்துநாலு பிராங். அதற்கு ஒரு துண்டு எழுதித் தருவார். பத்து நாளுக்குள் துண்டையும் கார்டையும் எந்த நிலையத்தில் காட்டினாலும், ஐந்து பிராங் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருவார்கள். திரும்பி வரும்போதும் கார்டு இல்லாவிட்டால் மறுபடியும் அதே கதை.

இரண்டு பேருக்குப் போக மட்டும் நாற்பத்தெட்டு. கட்டினால் கையில் இருபது பிராங்கும் தேறாது, மலை உச்சியில் இருந்து திரும்பி வர வழியில்லை. இவர் கையில் இருந்த காசை இன்னொரு தரம் எண்ணினார்.

"சூரிச்சிலை இறங்கித் திரும்பிப் போவம். வாற திங்கள் வருவம்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. அதுவரைக்கும் இந்த நாட்டில் நான் தனியாகப் போன மிகத் தூரமான இடம் பஸ்ஸில் போகும் என் வேலையிடம்தான்.

"நீங்கள் இறங்கிப் போய்க் கார்டுகளை எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலிலை வாங்கோ. நான் போறன். எனக்கு மட்டும் காசைக் கட்டுங்கோ."

"நீர் தனியவோ? உமக்கு ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாதே."

"நேசனுக்குத் தமிழ் தெரியும்தானே" என்றேன்.

பரிசோதகர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். சூரிச் வரைக்கும் இவரைச் சும்மா விட்டுவிட்டு, என் காசை மட்டும் வாங்கித் துண்டில் பெரிய எழுத்தாக எழுதினார். பிறகு, கேட்காமலே, இன்னொரு தாளில் கூர், சமேடன் என்று இரண்டு ஊரின் பெயரும், பக்கத்தில் மேடை எண்ணும் நேரமும் எழுதி என்னிடம் தந்தார். இவரிடம் தரவில்லை, என்னிடம் தந்தார். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

சூரிச்சில் இவர் என்னை மற்ற ரயிலில் ஏற்றிவிட்டு, யன்னலுக்கு வெளியே நின்று மேலங்கியைப் பூட்டு, பையைக் காலுக்குள் வை என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். ரயில் வெளிக்கிட்டதும் எனக்கு அழுகை வந்தது. பயமா, கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பயணம் போகிறவர்களுக்கு: சூரிச்சில் இருந்து கூருக்குப் போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். முதலில் சூரிச் ஏரி, பிறகு வாலன் ஏரி, அந்தக் கரையில் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும் மலைகள். ஒன்றேமுக்கால் மணித்தியாலம் போனதே தெரியாது. நான் அன்றைக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, மடியில் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் சுவர்களையும் மரங்களையும் பார்த்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு நிலையத்திலும் பெயர்ப் பலகையைத் தாளோடு ஒப்பிட்டேன்.

கூரில் மேடை எண் தாளில் எழுதியபடியே இருந்தது. அங்கே நின்றது சின்னஞ்சிறிய சிவப்பு ரயில். தண்டவாளமும் ஒடுக்கம். இதுவா மலை ஏறப்போகிறது என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு பயமும் சேர்ந்தது. இது வேறு ரயில், வேறு பரிசோதகர். அவர் அந்தத் துண்டை ஏற்காவிட்டால்? மிச்சமிருந்த காசில் பாதிக்கு மேல் இவருடைய பயணத்துக்காக இவரிடம் போய்விட்டது. என்னிடம் இருந்தது பதினைந்து பிராங்.

தூசிஸ் என்ற நிலையம் தாண்டியதும் ஆள் வந்தார், இளம் ஆள். நான் பாதி டிக்கெட்டையும் துண்டையும் ஒன்றாக நீட்டினேன். அவர் வாசித்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு டிக்கெட்டில் துளை போட்டு, இரண்டையும் திருப்பித் தந்து, ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். அப்போதுதான் நான் அன்றைக்கு முதல்முறையாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். முன் இருக்கையில் இருந்த ஒரு சுவிஸ் அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார், விளங்கிய மாதிரி.

இந்தப் பாதையில் வலப்பக்கம் உட்கார வேண்டும். ஆறு கல் வளைவுகளோடு திரும்பிப் போகும் பாலம் ஒன்று வரும், ரயில் அதைக் கடந்து நேரே மலைச் சுவரின் ஓட்டைக்குள் நுழையும். யன்னலோடு முகத்தை ஒட்டிவைத்தால் முன்னால் போகும் பெட்டிகள் உள்ளே மறைவதைப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு பெர்க்யூன் என்ற ஊர். கூரான கோபுரத்தோடு ஒரு தேவாலயம். அதைத் தாண்டிப் போனோம். ஒரு சுரங்கம் வந்தது, வெளியே வந்தோம், அதே தேவாலயம் மறுபக்கத்தில் நின்றது. இன்னொரு சுரங்கம், இன்னொரு பாலம், மறுபடியும் அதே தேவாலயம். ரயில் திரும்பிப் போகிறது என்று நினைத்துவிட்டேன். இராகு காலம் கடைசியில் தன் வேலையைக் காட்டிவிட்டது என்று எழுந்தே நின்றுவிட்டேன். முன்னால் இருந்த அம்மா என் மேலங்கியைப் பிடித்து மெதுவாக இருத்தினார். விரலால் காற்றில் வட்டம் வட்டமாகச் சுற்றி மேலே கொண்டுபோய்க் காட்டினார். மலை செங்குத்து என்பதால் ரயில் மலைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஏறுகிறது. தேவாலயம் ஒவ்வொரு முறையும் இன்னும் கீழே தெரிவதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். நீங்கள் போகும்போது எழுந்து நிற்க வேண்டாம்.

ஒரு நீண்ட சுரங்கம் முடிந்து வெளியே வந்ததும் வேறு உலகம். வானம் கடும் நீலம், மலை உச்சிகளில் புதுப் பனி, ஊசியிலை மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. பன்னிரண்டரை போல் சமேடனில் இறங்கினேன். ஆயிரத்து எழுநூறு மீற்றர் உயரம், சேலைக்குள் குளிர் ஊசியாக ஏறியது. ஆஸ்பத்திரிக்கு வழி கேட்க எனக்கு மொழி தெரியாது. வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். ஒருவர் பதறிப்போய் வாசல் வரை கூட்டிக்கொண்டுபோய் விட்டார். எனக்குத்தான் வயிற்றில் வருத்தம் என்று நினைத்திருப்பார்.

நேசனின் பெயரை எழுதிக் காட்டினேன். ஒரு தாதி முன்னால் நடந்தா. அந்த நடைபாதையின் நீளம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. எப்படிக் கிடக்கிறானோ, குழாய் போட்டிருக்கிறார்களோ, கண் திறப்பானோ என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். கதவு திறந்தது. நேசன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தட்டில் இருந்த அவித்த உருளைக்கிழங்கைக் கரண்டியால் நசித்து, அதை ஒரு எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா?" என்றான். பிறகு, "உப்புமில்லை, உறைப்புமில்லை அக்கா இதிலை" என்றான்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மூன்று நாள் பயம் அப்படியே வடிந்து போனது. அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன்பும் பிறகும் சில தரம்தான் அறிந்திருக்கிறேன். குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே வெட்டி எடுத்துவிட்டார்கள், புதன்கிழமை வீட்டுக்கு விடுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

"ஏனடா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் வெளிக்கிட்டு வருவியள். வந்து போக எவ்வளவு காசு? ஹோட்டல்காரர்தான் எனக்குத் தெரியாமல் எடுத்துச் சொல்லிப்போட்டினம்."

"காசென்ன காசு. அரை விலைக் கார்டு வாங்கி வைச்சிருக்கிறன். இனி மாசம் மாசம் வருவன்."

"காட்டுங்கோ பாப்பம்."

நான் பிளாஸ்கின் மூடியைத் திறந்தேன்.

"அத்தான் எங்கை அக்கா? நீங்கள் தனியவோ வந்தனீங்கள்?"

"அத்தான் வாறார். நல்ல நேரம் பாத்து வாறார்" என்றேன். பிறகு முழுக்கதையையும் சொன்னேன். அவன் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "அக்கா, சிரிக்க வைக்காதேங்கோ, தையல் இழுக்குது" என்று கெஞ்சினான். கண்ணால் தண்ணீர் வழிந்தது. கஞ்சியைத் தாதி மணந்து பார்த்து, கொஞ்சம் குடிக்கலாம் என்று விட்டா. அவன் பிளாஸ்க் முழுவதையும் குடித்தான்.

மூன்றரைக்கு இவர் வந்து சேர்ந்தார். கதவில் நின்று, முதலில் நேசனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். என்னைப் பற்றித்தான் அதிகம் பயந்திருக்கிறார் என்பது எனக்கு விளங்கியது, அதனால் நான் தயாராக வைத்திருந்த ஏச்சு எல்லாம் அங்கேயே கரைந்துவிட்டது. துணிப்பையைத் திறந்து கார்டுகளை எடுத்தார். இரண்டிலும் குங்குமம் ஒட்டியிருந்தது, கூடவே ஒரு செவ்வந்திப் பூ. பாக்கியம் அக்கா பையைச் சுவாமிப் படத்துக்கு முன்னால் வைத்துப் பூவும் பொட்டும் வைத்திருக்கிறா. என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கவில்லை. பயணம் வைத்த பையைத் திறக்கக் கூடாது என்பது அவவின் கொள்கை.

அன்று மாலை நாலு மணிக்குப் பிறகு சமேடனில் ஏறி, இரண்டு கார்டையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு பரிசோதகர் வரும்போதும், அவர் கேட்கும் முன்பே இவர் நீட்டினார். குங்குமத்தைப் பார்த்து ஒருவர் புருவத்தை உயர்த்தினார், டிக்கெட்டில் துளை போட்டார். பெர்க்யூனில் இவர் எழுந்து நின்றார். நான் மேலங்கியைப் பிடித்து இருத்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியம் அக்காவிடம் போனோம்.

"நான் கூப்பிட்டன் கா, பை கிடக்கு எண்டு. நீங்க திரும்பியும் பாக்காம ஓடிட்டீங்க. மூணாந்தரம் கூப்பிட எனக்கும் மனமில்ல, பயணம் போறவங்களப் பின்னால கூப்பிடக்கூடாதெல்லோ" என்றா. பிறகு என் பக்கம் குனிந்து, "ஒம்பது மணிக்கே வந்திட்டார் புள்ள. பத்து ஆகட்டும் எண்டு இஞ்ச இருந்து ரெண்டு தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போனவர்" என்றா.

இவர் சப்பாத்து நாடாவைக் கட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

புதன்கிழமை வேலை முடிந்து நான் தனியாகவே பாடன் நிலையத்துக்குப் போனேன். துண்டையும் கார்டையும் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினேன். அந்தப் பக்கம் இருந்த பெண் கார்டில் இருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், சிரித்தார். ஐந்து பிராங் கழித்துப் பத்தொன்பது பிராங்கை என் கையில் எண்ணி வைத்தார். கார்டை அன்றைக்கு நான் இவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. இவரும் கேட்கவில்லை. அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் நான் தனியாகவே நேசனிடம் போய் வந்தேன், இடம் வலம் சரியாகப் பார்த்து உட்கார்ந்து.

பாசல் பிள்ளைக்கும் மற்றவர்களுக்கும் என் பதில் இதுதான். நான் எழுதிய விலைகள் அந்தக் காலத்தவை, இன்றைய விலையை நிலையத்தில் கேளுங்கள். கணக்குப் பார்க்கிற முறை மட்டும் மாறவில்லை. போக நினைக்கிற பயணங்களின் முழு விலையைக் கூட்டுங்கள், பாதியாக்குங்கள், அந்தப் பாதி கார்டின் விலையைவிடக் கூடவா என்று பாருங்கள். எங்கடினுக்குப் போய் வருகிறவருக்குக் கெதியாகக் கூடிவிடும். கார்டு வீட்டில் கிடந்தால் பதற வேண்டாம், பரிசோதகரிடம் உண்மையைச் சொல்லி, துண்டைப் பத்திரமாக வைத்திருங்கள். இப்போதைய விதியையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஆளுக்கொரு கார்டு என்றால் ஆளுக்கொரு பையில்தான் அது இருக்க வேண்டும். கணவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

எங்கள் வீட்டில் இவர் இன்றைக்கும் நல்ல நேரத்தில் பை வைக்கிறார். பாக்கியம் அக்கா இப்போது அடுத்த தெருவில் இருக்கிறா, அங்கே கொண்டுபோய் வைக்கிறார். உள்ளே ஒரு சோடி காலுறை. நானும் தடுப்பதில்லை, நேசனுக்குச் சுகம் வந்த பயணம் அல்லவா அது. ஆனால் தெருவில் இறங்கிய பிறகு யாராவது பின்னால் கூப்பிட்டால், இவர் எவ்வளவு இழுத்தாலும், நான் நின்று என்னவென்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.